பந்து ஏன் பெட்டிக்குள்ள முங்குது? ஐசோமெட்ரிக் ப்ரொஜெக்‌ஷன், 0.82 பத்தி ஒரு டவுட்

மஞ்சக்குப்பம்_07

எல்லாருக்கும் வணக்கம். நான் பாண்டில ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்கல் படிக்கிறேன், வீடு கடலூர், தெனம் பஸ்லதான் போயிட்டு வரேன். ட்ராயிங்ல சாலிட்ஸ், செக்‌ஷன், டெவலப்மென்ட் வரைக்கும் தட்டுத்தடுமாறி வந்துட்டேன், ஐசோமெட்ரிக்ல, அதான் பொருளோட மூணு பக்கமும் ஒரே படத்துல தெரியற மாதிரி வரையறதுல, மாட்டிக்கிட்டேன். கிளாஸ்ல சொன்னது ரெண்டே விஷயம், இந்தப் பக்கம் 30 டிகிரி அந்தப் பக்கம் 30 டிகிரி கோடு போடு, அளவு எல்லாத்தையும் 0.82ஆல பெருக்கு. ஏன் 30, ஏன் 0.82ன்னு கேட்டதுக்கு போர்டுல இருக்கறத வரைன்னு சொல்லிட்டாங்க.

கணக்கு இதுதான். 60 மிமீ பக்கம் உள்ள க்யூப், அதோட மேல் முகத்துக்கு நடுவுல 50 மிமீ டயா ஸ்பியர் உக்காந்துருக்கு, ஐசோமெட்ரிக் ப்ரொஜெக்‌ஷன் வரையணும். நான் 60ஐ 49 ஆக்கி க்யூப் போட்டேன், பந்தோட ரேடியஸ் 25ஐ 20.4 ஆக்கி, மேல் முகத்து நடுப்புள்ளிலேர்ந்து 20.4 மேல போயி அங்க 20.4லயே வட்டம் போட்டேன். பந்து அழகா தொட்டுக்கிட்டு நிக்குது. தப்புன்னு சிவப்புல சுழிச்சிட்டாங்க. பக்கத்துல உக்கார்றவன் சென்டர என்ன மாதிரியே 20.4 உயரத்துல வச்சிட்டு வட்டத்த மட்டும் 25ல போட்டுருக்கான், அவனுக்கு ஃபுல் மார்க். ஆனா அவன் படத்துல வட்டம் தொடுற புள்ளிய தாண்டி 4.6 மிமீ கீழ எறங்கி பெட்டிக்குள்ள முங்கின மாதிரி இருக்கு. ஏன்டான்னு கேட்டா அவனுக்கும் தெரியல, புக்குல அப்படித்தான் இருக்குன்றான்.

மார்க் போனது கூட பரவால்ல, இது ஏன்னு தெரியாம இருக்கறதுதான் தூங்க விடல. தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

ரெண்டாவது_செம்

எனக்கும் இதே டவுட் ப்ரோ. கூடவே என்னோடதும் ஒன்னு சேத்துக்குங்க, படுத்த மாதிரி இருக்கற சிலிண்டர் வரையறப்ப எலிப்ஸ் (நீள்வட்டம்) எந்தப் பக்கம் சாயணும்னு தெரியவே மாட்டேங்குது, ஒவ்வொரு தடவையும் குத்துமதிப்பா போடுறேன், பாதி நேரம் சிலிண்டர் நசுங்குன டப்பா மாதிரி வருது.

பழைய_டிராயிங்_வாத்தி

தம்பி, 30 வருஷத்துக்கு மேல ஐடிஐல ட்ராயிங் நடத்திட்டு ரிட்டயர் ஆனவன் நான், இப்ப லாஸ்பேட்டைல இருக்கேன். நீ கேட்ட கேள்விய வருஷத்துக்கு ஒரு பையன் கேட்டா போதும்னு நான் ஏங்கியிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படி.

30ஐயும் 0.82ஐயும் மொதல்ல ஓரமா வை. வீட்ல ரூபிக்ஸ் க்யூப் இருக்கா? இருந்தா காலைல வெயில் வந்ததும் மாடிக்கு எடுத்துட்டுப் போ, கூட ஒரு கெட்டி அட்டைல வெள்ளை பேப்பர் ஒட்டி எடுத்துக்கோ. சூரியன் ரொம்ப தூரத்துல இருக்கறதால அதோட கதிர் எல்லாம் ஒன்னுக்கொன்னு இணையா வருது, அட்டைய அந்தக் கதிருக்கு நேர் செங்குத்தா புடிச்சா அதுல விழற நிழல்தான் ஆர்த்தோகிராஃபிக் ப்ரொஜெக்‌ஷன், நீ ஷீட்ல விபி (நட்டுக்குத்தலான தளம்) மேல ப்ரொஜெக்டர் கோடு இழுக்கற அதே வேலைய சூரியன் செய்யுது. இப்ப க்யூப்ப அட்டைக்கு கிட்ட புடிச்சு ஒரு முகம் சூரியனுக்கு நேரா இருக்கற மாதிரி வை, நிழல் சதுரமா விழும். அப்பறம் மெதுவா திருப்பு. ஒரு மூலை சூரியன நேராப் பாக்கற மாதிரி, அதுக்கு எதிர் மூலை அட்டையப் பாக்கற மாதிரி வரும்போது நிழல் ஆறு பக்கமும் சமமான அறுகோணமா மாறும். அந்த நிலைதான் ஐசோமெட்ரிக். அந்த வார்த்தைக்கே சம அளவுன்னுதான் கிரேக்கத்துல அர்த்தம். மூணு திசையிலயும் விளிம்பு எல்லாம் ஒரே மாதிரி சாஞ்சிருக்கு, அதனால ஒரே மாதிரி குறுகுது. மூணு விளிம்பும் சுத்தி 360ஐ சமமா பங்கு போட்டா 120, 120, 120. ஒன்ன நட்டுக்குத்தலா நிறுத்தினா மத்த ரெண்டும் படுக்கை கோட்டுலேர்ந்து தானா 30 டிகிரில வந்து நிக்கும். 30ங்கறது யாரும் உக்காந்து முடிவு பண்ணது இல்ல.

இப்ப 0.82. க்யூப்போட மேல் முகத்த மட்டும் பாரு, சதுரம், பக்கம் 60. அதோட இடமிருந்து வலம் போற மூலைவிட்டம் 84.85. க்யூப்ப எவ்ளோ சாச்சாலும் அந்த ஒரு மூலைவிட்டம் மட்டும் உன் பார்வைக்கு குறுக்காவே கெடக்கு, அது முன்னாடியும் சாயல பின்னாடியும் சாயல, அதனால அது குறுகாது, ஷீட்லயும் 84.85தான். பாதி 42.43. ஆனா ஷீட்ல சதுரம் ரோம்பஸா (சாய்சதுரமா) மாறி அதோட பக்கம் 30 டிகிரில நிக்குது. பக்கத்த காஸ் 30ஆல பெருக்கினா 42.43 வரணும், அப்ப பக்கம் 42.43 வகுத்தல் 0.866, அது 49. 60க்கு 49, அதான் உன் 0.82, சரியா சொன்னா 0.8165. ஐசோமெட்ரிக் ஸ்கேல் போடறப்ப ஒரே புள்ளிலேர்ந்து 45ல ஒரு கோடு, 30ல ஒரு கோடு போட்டு மேலேருந்து நேரா எறக்குறோமே, அது இந்தக் கணக்கேதான். 45ங்கறது சதுரத்தோட நெசமான கோணம், 30ங்கறது ஷீட்ல தெரியற கோணம்.

பந்து விஷயத்த நான் இப்ப சொல்ல மாட்டேன். அதே வெயில்ல க்யூப்புக்கு பதிலா ஒரு பந்த புடிச்சு, திருப்பித் திருப்பி நிழல அளந்துட்டு வந்து எழுது.

மஞ்சக்குப்பம்_07

ஐயா ரொம்ப நன்றி, அந்த மூலைவிட்டம் விஷயத்த படிச்சதும் ஸ்கேல் எதுக்கு அப்படி போடுறாங்கன்னு பளிச்சுன்னு புரிஞ்சிடுச்சு. நாளைக்கு ஞாயித்துக்கெழமைதான், காலைல மாடில செஞ்சு பாத்துட்டு சொல்றேன்.

கோலப்பொடி

நான் இஞ்சினியரிங் படிச்சவ இல்ல, முத்தியால்பேட்டைல தையல் கடை வச்சிருக்கேன். தங்கச்சி பொண்ணு ட்ராயிங் பரிட்சைக்கு படிக்கிறான்னு கூட உக்காந்து பாத்தப்ப எனக்கு ஒன்னு தோணிச்சு, தப்புன்னா வாத்தியார் ஐயா திருத்துங்க.

கோலத்துல நேர்ப்புள்ளின்னு ஒன்னு, ஊடுபுள்ளின்னு ஒன்னு இருக்கு இல்லையா. நேர்ப்புள்ளின்னா புள்ளிக்கு நேர் கீழ புள்ளி, ஊடுபுள்ளின்னா ரெண்டு புள்ளிக்கு நடு சந்துல அடுத்த வரிசைப் புள்ளி. அந்தப் பொண்ணு கைல வச்சிருந்த புள்ளி அச்சடிச்ச ஐசோமெட்ரிக் ஷீட்டப் பாத்தா அது அப்படியே ஊடுபுள்ளிதான், பக்கவாட்டுல திருப்பி வச்ச மாதிரி. ஏழு புள்ளி வச்சு, ரெண்டு பக்கமும் 6, 5, 4ன்னு ஊடா கொறைச்சுக்கிட்டே வந்தா மொத்தம் 37 புள்ளி, அறுகோணம். இப்ப கோலத்துக்கு எதிர்ல நிக்காம பக்கத்துல போயி நில்லுங்க, ஏழு புள்ளி வரிசை உங்களுக்கு நட்டுக்குத்தலா தெரியணும். ஓரத்து ஆறு மூலையையும் சேத்துடுங்க. நடுப்புள்ளிலேர்ந்து நேர் கீழ ஒரு கோடு, மேல இடது மூலைக்கு ஒன்னு, மேல வலது மூலைக்கு ஒன்னு. பெட்டி வந்துடும். எந்தப் பக்கம் எண்ணினாலும் மூணு இடைவெளி. இந்த மூணு மூலைய விட்டுட்டு மத்த மூணு மூலைக்கு இழுத்தா அதே பெட்டிய கீழேருந்து அண்ணாந்து பாக்கற மாதிரி ஆயிடுது.

அவளுக்கு நான் சொன்னது இதான், புள்ளிலேர்ந்து பக்கத்துப் புள்ளிக்கு போற மூணு வழி இருக்கு, அந்த மூணு வழில மட்டும்தான் எண்ணி அளக்கலாம், ஒரு புள்ளிய தாண்டி குறுக்கால போனா எண்ணிக்கை ஒத்துக்காது. சரிதானா?

பழைய_டிராயிங்_வாத்தி

அம்மா, திருத்த ஒன்னுமே இல்ல. நான் இத்தன வருஷம் டாட் ஷீட்ட வாங்கிட்டு வரச் சொல்லி நேரு வீதிக்கு பசங்கள அனுப்பியிருக்கேன், ஊடுபுள்ளின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீட்டு வாசல்லயே பாத்திருப்பாங்க. இதுக்கு முன்ன எனக்கு இது தோணாமப் போச்சேன்னு நெஜமாவே மனசு அடிச்சிக்குது.

ஒரே ஒரு சின்னது மட்டும் சேத்துக்கறேன். வரிசைக்கு வரிசை தூரம், புள்ளிக்குப் புள்ளி தூரத்த விட கொஞ்சம் கம்மியா இருக்கணும், 0.866 பங்கு. புள்ளி ரெண்டு விரக்கடை தள்ளி வச்சா வரிசை ஒன்னேமுக்கால் விரக்கடைல விழணும். கை பழகினவங்களுக்கு அது தானா அப்படித்தான் விழும், ஏன்னா ஊடா வைக்கறப்ப மூணு புள்ளியும் சம தூரமா தெரியற மாதிரிதான் கண்ணு கேக்கும்.

நீங்க கடைசியா சொன்னீங்களே, மூணு வழில மட்டும்தான் எண்ணலாம்னு, ஐசோமெட்ரிக் மொத்தமும் அதுலதான் நிக்குது. தம்பி, இத ஒரு தடவ அளந்து பாத்துடு. 60 பக்கம் உள்ள ரோம்பஸ் போடு, உள்ள ரெண்டு மூலைவிட்டத்தையும் ஸ்கேல்ல அள. ஒன்னு 104 வரும், இன்னொன்னு 60தான் வரும். நெசத்துல ரெண்டும் 84.85, ஒரே சதுரத்தோட ரெண்டு மூலைவிட்டம் இல்லையா. ஒரே நீளம் உள்ள ரெண்டு கோடு ஷீட்ல ஒன்னு கிட்டத்தட்ட ரெண்டு பங்கா தெரியுது. அதனால சாய்வு கோடு எதையும் நேரா அளந்து வைக்கக் கூடாது. பிரமிட் வரையறப்ப சாய்வு விளிம்ப நேரா அளந்து போடுற பசங்க எத்தனையோ பேரு. அடிய ஒரு பெட்டிக்குள்ள போட்டு, மூலை ஒவ்வொன்னையும் பெட்டியோட பக்கத்து மேலயே அளந்து புடிச்சு, நடுவுலேர்ந்து உயரத்த நேரா ஏத்தி உச்சிய புடிச்சு, கடைசியா சேக்கணும். நீளத்த கொண்டுபோகாத, புள்ளிய கொண்டுபோ.

சேதராப்பட்டு_டிசைன்

நல்ல டிஸ்கஷன். ஆனா ஒரு விஷயத்துல எனக்கு ஒப்பல. நான் டிசைன்ல ஒம்போது வருஷமா இருக்கேன், 0.82 எல்லாம் ஷாப்ல எவனும் போடறதில்ல, ஐசோமெட்ரிக்னா நெஜ அளவுலயே போடுவோம். ஆட்டோகேட் சாஃப்ட்வேர்ல ஸ்னாப்ப ஐசோமெட்ரிக்ல வச்சு எஃப்5 தட்டி பிளேன் மாத்தி மாத்தி வரைஞ்சா 60ன்னா 60தான் வரும். இந்த ஸ்கேல பசங்க தலைல ஏன் கட்டணும்னு தெரியல.

பழைய_டிராயிங்_வாத்தி

நீங்க வரையறது ஐசோமெட்ரிக் வியூ, சில புக்குல ஐசோமெட்ரிக் ட்ராயிங்னு இருக்கும். தப்பே இல்ல, வடிவம் அதேதான், 1.22 மடங்கு பெருசா இருக்கும், அவ்ளோதான். ஆனா கேள்வில ப்ரொஜெக்‌ஷன்னு கேட்டா ஸ்கேல் போட்டே ஆகணும், வியூன்னு கேட்டா நெஜ அளவு. எழுத உக்கார்றதுக்கு முன்னாடி அந்த ஒரு வார்த்தைய அடிக்கோடு போடச் சொல்லி நான் கத்திக்கிட்டே இருப்பேன்.

உங்ககிட்டயே ஒன்னு கேக்கறேன், 3டில ஒரு க்யூப் மாடல் பண்ணிட்டு ஐசோமெட்ரிக் வியூவுக்கு திருப்பி, ஒன்னுக்கு ஒன்னு ஸ்கேல்ல பிரின்ட் எடுத்து ஸ்கேல வச்சுப் பாருங்க.

சேதராப்பட்டு_டிசைன்

இப்பதான் எடுத்தேன் சார். 100 மிமீ பிளாக், ஷீட்ல எட்ஜ் எட்டரைக்கும் கொஞ்சம் கம்மி... இல்ல தப்பா பாத்துட்டேன், 81 தாண்டி 82 தொடல. ஒம்போது வருஷத்துல நான் அத அளந்து பாத்ததே இல்ல, டைமென்‌ஷன் போட்டுருக்கும், அதப் படிச்சிக்கிட்டு போயிடுவோம். சாஃப்ட்வேர் நெஜமாவே மாடல திருப்பி காட்டுது, அதனால குறுகுது, நாம 2டில கையால போடறப்ப குறுக்காம போடறோம். ஒத்துக்கறேன்.

இன்னொன்னு, கேம் டிசைன் பண்ற பசங்க ஐசோமெட்ரிக்னு சொல்றது பெரும்பாலும் இது இல்ல, அது ரெண்டு பிக்ஸல் பக்கவாட்டுல போனா ஒரு பிக்ஸல் மேல, கோணம் 26.57, அதுக்கு டைமெட்ரிக்னு பேரு, மூணு திசைல ரெண்டு மட்டும்தான் ஒரே மாதிரி குறுகும். அதப் பாத்து வரைஞ்சா 30 வராது.

பைப்ஃபிட்டர்_சிப்காட்

எல்லாரும் க்யூப் பத்தி பேசறீங்க, நான் கடலூர் சிப்காட்ல பைப் வேலை பாக்கறவன், எங்களுக்கு ஐசோ இல்லன்னா ஒரு நாள் வேலை ஓடாது. பத்தாவதோட படிப்ப விட்டவன், ஐடிஐ கூட போகல, ஐசோவ சைட்லயேதான் கத்துகினேன். அத கத்துகினதுக்கு ஒரு பைப்பு வெலை குடுத்தேன், அத எழுதுறேன்.

எங்க ஐசோ ஸ்கேல்ல இருக்காது, 6 மீட்டர் பைப்பும் 60 சென்டி பைப்பும் ஷீட்ல ஒரே நீளம் இருக்கும், பைப்ப ஒத்தக் கோடாத்தான் போட்டுருப்பாங்க. மூலைல நார்த் ஆரோ இருக்கும், அத புடிச்சிக்கினுதான் எது வடக்கு தெக்கு எது கெழக்கு மேக்குன்னு பாக்கணும், நட்டமா இருக்கறது உயரம். இந்த மூணு தெசைல பைப்பு ஓடற வரைக்கும் ஒரு தொல்லையும் இல்ல. தொல்லை சாய்வுல.

அப்ப நான் வேலைக்கு வந்து ரெண்டு வருஷம், நாலு இஞ்ச் லைன், ரெண்டு 45 எல்போ, அதான் 45 டிகிரி வளைவுத் துண்டு, போட்டு ஒரு ஆஃப்செட், அதான் பைப்பு ஒதுங்கி வேற லைனுக்கு போறது. கையால போட்ட ஐசோ. சாய்வு கோடு, பக்கத்துல 300ன்னு உயரம் போட்டுருந்துச்சு. நான் அது நேரா மேல ஏறிப் போற சாய்வுன்னு நெனச்சி 300ஐ 1.414ஆல பெருக்கி 424னு எடுத்து, எல்போ ரெண்டுக்கும் வெல்டிங் கேப்புக்கும் கழிச்சி 290ல கட் பண்ணிட்டேன். மேல கொண்டுபோயி வச்சா எதிர் ஃபிளேஞ்ச், அதான் பைப்ப போல்ட் போட்டு சேக்கற வட்டத் தகடு, எங்கயோ நிக்குது. விஷயம் என்னன்னா அது மேல ஏறினது மட்டும் இல்ல, பக்கவாட்டுல 400ம் ஒதுங்குது, ரோலிங் ஆஃப்செட். அந்த 400 ஷீட்ல வேற ஒரு பைப்போட எழுத்துக்கு அடில மறைஞ்சி கெடந்துச்சு, ரோலிங்ன்னா கட்டம் போட்டு அதுக்குள்ள சின்னச் சின்னக் கோடா அடிச்சி காட்டுவாங்க, அதையும் வரைஞ்சவரு போடல. திட்டு எனக்குத்தான் விழுந்துச்சு. எனக்கு இன்னிக்கும் அந்தக் கோவம் போகல, ஆனா அன்னிலேர்ந்து சாய்வு கோட்டப் பாத்தா கட்டம் இருக்கான்னு பாக்காம கட்டிங் டார்ச்ச கைல எடுத்ததில்ல.

அந்த அக்கா சொன்ன மூணு வழி இருக்கே, சைட்ல உசுரு அதுலதான் இருக்கு.

பழைய_டிராயிங்_வாத்தி

தம்பி சொன்னது எந்த புக்குலயும் இவ்ளோ தெளிவா இருக்காது. ஐசோமெட்ரிக்ல ஒரு புள்ளியப் பாத்து அது எங்க இருக்குன்னு சொல்லவே முடியாது, ஏன்னா பார்வைக்கு நேரா முன்னாடி வந்தாலும் பின்னாடி போனாலும் ஷீட்ல அதே எடத்துலதான் விழும். க்யூப்ல முன்மூலையும் பின்மூலையும் ஒரே புள்ளில விழுதே, அதே கதை. அதனால சாய்வு கோடு எந்தப் பலகைல கெடக்குன்னு வரைஞ்சவன்தான் காட்டணும். கட்டம் போடாதது வரைஞ்சவரோட தப்பு, உங்க தப்பு இல்ல.

இந்த முறைய முறைப்படி எழுதி வச்ச வில்லியம் ஃபேரிஷுக்கும் இதே மாதிரி வேலைதான் இருந்துச்சு. கேம்பிரிட்ஜ்ல பேராசிரியர், மெஷின் பத்தி லெக்சர் எடுக்கறப்ப பாகங்களச் சேத்து மாடல் கட்டிக் காட்டி, முடிஞ்சதும் பிரிச்சு அடுத்தத கட்டணும். கட்டறவருக்கு எந்தப் பாகம் எங்கன்னு ஒரே படத்துல தெரியணும், அளவும் எடுக்க முடியணும். அதுக்காகத்தான் அவர் 1822ல வந்த கட்டுரைல இத விளக்கினாரு. பரிட்சைக்காக பொறந்தது இல்ல, ஃபிட்டருக்காக பொறந்தது.

மஞ்சக்குப்பம்_07

ஐயா, செஞ்சு பாத்துட்டேன்!!

காலைல மாடிக்குப் போனேன், கடல் பக்கத்துலேர்ந்து வெயில் நல்லா அடிச்சுது. என் ரூபிக்ஸ் க்யூப் 56 மிமீ. அட்டைய செங்குத்தா புடிக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு, ஒரு பேனாவ அட்டைக்கு நட்டுக்குத்தலா வச்சு அதோட நிழல் மறையற வரைக்கும் அட்டைய சாச்சேன், அப்ப சரியா வந்துச்சு. தம்பிய க்யூப்ப புடிக்கச் சொல்லி திருப்பித் திருப்பி பாத்தோம், ஒரு எடத்துல அறுகோணம் அப்படியே வந்து நின்னுச்சு. பென்சில்ல ஓரம் போட்டு அளந்தா ஒரு பக்கம் 46, இன்னொன்னு 45, இன்னொன்னு 46. 56ஐ 0.8165ஆல பெருக்கினா 45.7. கை ஆடுனதுக்கு இது போதும்னு நெனைக்கிறேன்.

அப்பறம் பந்து. ரெண்டு புக்குக்கு நடுவுல வச்சு அளந்தேன், 62. நிழல் 62, 63. எப்படித் திருப்பினாலும் அதேதான். அப்பதான் மண்டைல ஏறிச்சு, க்யூப்போட விளிம்பு சாயுது அதனால குறுகுது, பந்துல சாய்றதுக்கு என்ன இருக்கு, எந்தப் பக்கம் பாத்தாலும் அது அதே பந்துதான். அதனால வட்டம் 25லயே போடணும். ஆனா தொடுற புள்ளிலேர்ந்து சென்டருக்கு போற உயரம் இருக்கே, அது க்யூப்போட நட்ட விளிம்புக்கு இணையா நிக்கற கோடு, அது சாஞ்சிருக்கு, அது குறுகும், அதான் 20.4. ரெண்டும் ஒரே 25தான், ஆனா ஒன்னு சாயுது ஒன்னு சாயல.

முங்கறது ஏன்னு அதுக்கப்பறம் தானா தெரிஞ்சிடுச்சு. அரிசி டப்பா மேல பந்த வச்சு மேலேருந்து சரிவா பாத்தேன், பந்து டப்பாவத் தொடுற எடம் தெரியவே இல்ல, பந்தோட வயிறு அத மறைக்குது. அந்த 4.6 மிமீ அதான். நான் போட்ட படத்துல தொடுற எடம் வெளில தெரிஞ்சுது, நேரா பக்கவாட்டுல நின்னு பாத்தாதான் அப்படித் தெரியும், மேலேருந்து பாக்கறவனுக்கு தெரியாது.

திரும்ப மொத்தமும் வரைஞ்சேன், பெட்டி 49, உயரம் 20.4, வட்டம் 25, பந்துக்குப் பின்னாடி போற கோட்ட எல்லாம் அழிச்சேன். பழைய ஷீட்டையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அம்மாகிட்ட காட்டினேன், அவங்களுக்கு ட்ராயிங் ஒன்னும் தெரியாது. பழசக் காட்டி இது பெட்டிக்குப் பின்னாடி எங்கயோ மெதக்கற மாதிரி இருக்குடா, இதுதான் மேல உக்காந்துருக்குன்னு புதுசக் காட்டினாங்க.

கோலப்பொடி

படிக்கறப்பவே சந்தோஷமா இருக்குப்பா.

பழைய_டிராயிங்_வாத்தி

இதுக்கு மேல எனக்கு என்ன வேணும். சாயறது குறுகும், சாயாதது குறுகாது, நீயே கண்டுபுடிச்சிட்ட. வியூன்னு கேட்டா க்யூப் 60, உயரம் 25, வட்டத்தோட ரேடியஸ் 30.6, மொத்தத்தையும் 1.22 மடங்கு பெருசாக்கின படம் அது, அதையும் குறிச்சு வச்சுக்கோ, வியூல 25லயே வட்டம் போட்டு மார்க் விடறவங்க நெறைய பேரு.

இன்னொன்னு, அடுத்த தடவ தம்பிய க்யூப் புடிக்கச் சொல்லத் தேவையில்ல. 1 மீட்டர் குச்சிய நட்டா நிழல் 1.41 மீட்டர் விழற நேரமாப் பாரு, அப்ப சூரியன் தொடுவானத்துலேர்ந்து 35 டிகிரி 16 நிமிஷம் உயரத்துல நிக்கும். க்யூப்ப ஒரு ஒல்லியான பாட்டில் மேல சமமா வச்சு ஒரு நட்ட விளிம்ப சூரியன் பக்கம் திருப்பினாலே போதும், கதிருக்கு செங்குத்தா புடிச்ச அட்டைல அறுகோணம் விழும், கீழ பாட்டிலோட நிழல் மட்டும் காம்பு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கும்.

எலிப்ஸ் கேட்ட புள்ளைய மறந்துட்டேன். வட்டத்த ஒரு சக்கரமா நெனச்சுக்கோ, சக்கரத்துக்கு அச்சு எந்தத் திசைல போகுதோ அந்தத் திசைல எலிப்ஸ் சப்பையா இருக்கும், நீளம் அதுக்குக் குறுக்கால. நிக்கற சிலிண்டருக்கு அச்சு நட்டமா போகுது, அப்ப எலிப்ஸ் படுக்கையா நீளும். படுத்த சிலிண்டருக்கு அச்சு 30 டிகிரில போகுது, அப்ப எலிப்ஸோட நீளம் அதுக்கு 90ல, படுக்கை கோட்டுலேர்ந்து 60ல நிக்கும். மொதல்ல அச்சக் கோடா போட்டுட்டு அப்பறம் காம்பஸ எடு, நசுங்காது.

ரெண்டாவது_செம்

ஐயா போட்டுட்டேன், வந்துடுச்சு, டப்பா இப்ப உருண்டையா இருக்கு! ஒன்னே ஒன்னு, நான் 60 டயாவுக்கு வியூ போட்டேன், நாலு சென்டர் முறைல வரைஞ்ச எலிப்ஸ் நீளவாக்குல 69 வருது, 1.22ஆல பெருக்கினா 73.5 வரணுமே, நான் எங்க தப்பு பண்ணேன்?

பழைய_டிராயிங்_வாத்தி

தப்பு இல்லம்மா, நாலு சென்டர் முறை தோராயம்தான், நாலு வட்டத் துண்ட ஒட்டி செய்யறது, அது எலிப்ஸ விட கொஞ்சம் கட்டையா, கொஞ்சம் குண்டா வரும். 60க்கு 69.3தான் வரும், நீ சரியா வரைஞ்சிருக்க. பரிட்சைக்கு அத ஏத்துக்குவாங்க. சுத்தமா வேணும்னா வட்டத்து மேல 8 இல்ல 12 புள்ளி எடுத்து ஒவ்வொன்னையும் ரோம்பஸுக்குள்ள கொண்டுபோயி கையால சேக்கணும். இந்த அளவ நீயா அளந்து பாத்தது பெரிய விஷயம்.

பைப்ஃபிட்டர்_சிப்காட்

மஞ்சக்குப்பம் தம்பிக்கு ஒரு கணக்கு. நான் வீணாக்கின அதே பைப்பு. மேல 300, பக்கத்துல 400, நாலு இஞ்ச், ரெண்டு 45 எல்போ, எல்போ சென்டர்லேர்ந்து மொகம் வரைக்கும் 64. கட்டிங் நீளம் எவ்ளோ?

மஞ்சக்குப்பம்_07

அண்ணா, மேலயும் பக்கத்துலயும் 90ல இருக்கறதால மொதல்ல ஒரு செவ்வகம், அதோட மூலைவிட்டம் 500. அந்த 500தான் நெசமான ஆஃப்செட். 45 டிகிரில போறதால 500ஐ 1.414ஆல பெருக்கினா 707. ரெண்டு எல்போவுக்கும் 128 கழிச்சா 579. சரியா?

பைப்ஃபிட்டர்_சிப்காட்

சரி தம்பி. வெல்டிங் கேப் ஒரு பக்கம் 3, ரெண்டு பக்கமும் 6 கழி. 573ல மார்க் பண்ணு.